லைட்டர் ஃப்ளூயிட் இல்லாமல் கரி பற்றவைக்க: டெக்ஸாஸ் கொல்லைப்புற அனுபவம்

டாலஸ் பக்கம் தனி வீட்டுக்குக் குடிவந்ததும் கொல்லைப்புறத்துக்கு ஒரு கெட்டில் கிரில் (மூடி போட்ட உருண்டையான கரி அடுப்பு) வாங்கினேன். கேஸ் கிரில் என்றால் குமிழைத் திருகினால் வேலை முடிந்தது. ஆனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கரி நெருப்பில் வாட்டிய கோழியின் வாசனைதான் வேண்டும். வாட்டுவது பெரிய வித்தையில்லை, கரியைச் சரியாகப் பற்றவைத்துவிட்டால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி. இங்கே கடைகளில் கிடைக்கிற வழிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவட்டும்.

முதலில் எல்லோரும் கையில் எடுப்பது லைட்டர் ஃப்ளூயிட். கரியைக் கூம்பாகக் குவித்து, மேலே ஊற்றி, சில நிமிடம் ஊறவிட்டு, நீளமான தீக்குச்சியால் பற்றவைக்க வேண்டும். குப்பென்று தீ எழும். நெருப்பு வந்துவிட்டது என்று நினைத்து அப்போதே இறைச்சியைப் போடுகிறவர்கள் நிறைய. எரிவது திரவம்தான், கரிக்கு இன்னும் சூடே ஏறியிருக்காது. அது பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது என்பதால் முழுவதும் எரிந்து தீருமுன் சமைத்தால் வாடை இறைச்சியில் இறங்கிவிடும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒரு விருந்தில் முதல் வாயிலேயே, “என்னப்பா, மண்ணெண்ணெய் வாடை அடிக்குது” என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அன்றோடு எங்கள் வீட்டில் அந்தப் புட்டி கிடையாது. நீங்கள் வைத்திருந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கனன்றுகொண்டிருக்கும் கரியின்மேல் மறுபடி ஊற்றவே கூடாது. தாரையைப் பிடித்துக்கொண்டு தீ புட்டிவரை ஏறி வரும்.

கரி ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறது? விறகைச் சுட்டால் அதிலிருந்து வாயு வெளிவந்து அதுதான் சுடராக எரிகிறது. கரியில் அந்த வாயுவெல்லாம் சுடும்போதே போய்விட்டது. மிஞ்சியது பெரும்பாலும் கார்பன். அதற்குத் தொடர்ந்து சூடு வேண்டும், அடியிலிருந்து காற்று வேண்டும், துண்டுகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் கொடுக்கிற சாமான் சிம்னி ஸ்டார்ட்டர். கைப்பிடி வைத்த இரும்புக் குழாய், உள்ளே கீழ்ப்பக்கம் ஒரு கம்பி வலை, அடியில் சுற்றிலும் துளைகள், அவ்வளவுதான். கரிக்காக ஒரே ஒரு பொருள் வாங்குவதாக இருந்தால் இதை வாங்குங்கள்.

நான் செய்வது இப்படி. கிரிலின் அடிக் காற்றுத் துளையை முழுதாகத் திறந்துவிடுவேன். செய்தித்தாள் இரண்டு தாளைத் தளர்வாகச் சுருட்டி, அதன்மேல் கொஞ்சம் சமையல் எண்ணெய் விட்டு, சிம்னியின் அடிப்பக்கம் கம்பி வலைக்குக் கீழே வைப்பேன். வெறும் தாள் சட்டென்று எரிந்து சாம்பலாகிவிடும். எண்ணெய் பட்ட தாள் விளக்குத்திரி போல நின்று எரியும். தாளை இறுக்கித் திணித்தால் காற்று புகாமல் புகைதான் வரும். வலைக்கு மேலே கரியை நிரப்பி, குழாயைக் கிரிலின் அடிக்கம்பியின்மேல் வைத்து, துளைகள் வழியாகத் தாளுக்குத் தீ வைப்பேன். புல்தரையிலோ மரத்தளத்திலோ வைக்க வேண்டாம், கோடையில் டெக்ஸாஸ் புல் காய்ந்து கிடக்கும்.

முதலில் அடர்த்தியான வெள்ளைப் புகை வரும். அதைப் பார்த்துப் பயந்து கிளற வேண்டாம். சூடான காற்று மேலே ஏற ஏற, அடித்துளைகள் வழியாகப் புதுக் காற்று தானாக உள்ளே இழுபடும். விசிறியும் வேண்டாம், ஊதுகுழலும் வேண்டாம். சுமார் 15 முதல் 20 நிமிடத்தில் புகை அடங்கி, அடியில் சிவந்த கங்கு தெரியும், மேல் துண்டுகளின் ஓரத்தில் நீறு பூக்கும். அப்போது தடித்த கையுறை போட்டுக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்து, மெதுவாகக் கொட்ட வேண்டும். நான் பாதிப் பக்கத்தில் மட்டும் கொட்டுவேன். கோழித் தொடையை முதலில் கங்கில்லாத பக்கம் மூடிபோட்டு வேகவிட்டு, கடைசியில் கங்குக்குமேல் கொண்டுவந்தால் தோல் கருகாமல் மொறுமொறுவென்று வரும். காற்று பலமாக இருந்தாலோ மழை தூறினாலோ தாள் சரிப்படாது. அதற்கு மெழுகுக் கட்டிகள் விற்கிறார்கள், ஒன்றைக் குழாய்க்கு அடியில் வைத்தால் போதும், வாடையும் இல்லை. மின்கம்பிச் சுருள் ஒன்றும் கிடைக்கிறது. கரிக்கு நடுவே செருகி வைத்தால் பற்றிக்கொள்ளும். நல்ல வழிதான், ஆனால் கொல்லைப்புறத்தில் பிளக் பாயின்ட் இருக்க வேண்டும், கரி பிடித்ததும் பழுக்கக் காய்ந்த சுருளை எடுத்துப் பத்திரமாக ஓரிடத்தில் வைக்கவும் வேண்டும். சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் எங்கள் வீட்டுக்கு ஒத்துவரவில்லை.

எந்தக் கரி என்பதும் முக்கியம். தலையணை வடிவில் வரும் பிரிக்கெட், கரித்தூளை ஸ்டார்ச் சேர்த்து அழுத்திச் செய்வது. 1920களில் மிச்சிகனில் ஹென்றி ஃபோர்டு, கார்களுக்கு மரம் அறுத்த கழிவைக் கரியாக்கி இப்படிக் கட்டிகளாக விற்றார். பின்னாளில் கிங்ஸ்ஃபோர்டு என்று பேர் மாறிய வியாபாரம் அதுதான். பிரிக்கெட் மெதுவாகப் பிடிக்கும், சீராக நெடுநேரம் நிற்கும். லம்ப் என்பது மரத்துண்டை அப்படியே சுட்ட கரி. சீக்கிரம் பிடிக்கும், சூடு அதிகம், சீக்கிரம் தீர்ந்தும் போகும்.

டெக்ஸாஸில் மெஸ்கீட் மரத்தின் லம்ப் கரி மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அப்பா மூட்டையில் இருந்த மரத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, “இது நம்ம ஊர்க் கருவைல்லடா?” என்றார். கிட்டத்தட்ட அதேதான். எங்கள் ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டுக் கரியாக்குகிற சீமைக்கருவேலமும் இந்த மெஸ்கீட்டும் நெருங்கிய சொந்தம். மூட்டக் கரியைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால் அப்பாவே எச்சரித்தார்: “தெறிக்கும், தள்ளி நில்லு.” அப்படியே படபடவென்று பொறி தெறித்தது. மெஸ்கீட் போடுகிற நாளில் பிள்ளைகளைக் கிட்டே விடுவதில்லை, நைலான் சட்டையும் போடுவதில்லை.

ஆட்டுத் தொடை மாதிரி பல மணி நேரம் வேக வேண்டியதற்கு வேறு முறை. பற்றாத பிரிக்கெட்டைக் கிரிலில் பரப்பி, சிம்னியில் பிடித்த ஒரு சிறு பங்கை மட்டும் அதன்மேல் கொட்டி, காற்றுத் துளைகளைக் குறுக்கிவிட்டால் நெருப்பு மெல்ல மெல்லப் பரவும். ஜிம் மினியன் என்ற போட்டிச் சமையல்காரர் பரப்பியதால் இங்கே மினியன் முறை என்கிறார்கள். தீக்குச்சி உரசினாலே பிடிக்கும் என்று விற்கிற, முன்கூட்டியே திரவத்தில் ஊறிய பிரிக்கெட்டை இதற்கு எடுக்கவே கூடாது. புதுத் துண்டு பற்றும்போதெல்லாம் அந்த வாடை கிளம்பும்.

மழை வந்தது என்று கனலும் கிரிலைக் கராஜுக்குள் தள்ளிவிடாதீர்கள், கதவைத் திறந்து வைத்திருந்தாலும் சரி. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. புகை அடங்கிய கங்கிலிருந்தும் அது வரும். சமைத்து முடிந்ததும் மேலும் கீழும் துளைகளை அடைத்துவிட்டால் கரி அணைந்துவிடும், மிச்சத்தை அடுத்த முறை சிம்னியில் புதுக் கரியோடு போட்டுக்கொள்ளலாம். சாம்பலை மட்டும் இரண்டு நாளாவது ஆறவிட்டு, மூடியுள்ள தகர வாளியில் கொட்டி, வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வைக்கிறேன். அதற்குப் பிறகுதான் குப்பைத் தொட்டிக்குப் போகும்.