இரண்டு மணிக்கு ஒரு சக்‌ஷன்

ஐ.சி.யூ.வுக்குப் புதிதாக வரும் ஸ்டாஃப் நர்ஸ் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்: "அக்கா, எத்தனை மணிக்கு ஒரு தடவை சக்‌ஷன் பண்ணணும்?" சக்‌ஷன் என்றால் வென்டிலேட்டரில் (மூச்சு இயந்திரத்தில்) இருப்பவரின் மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுச் சளியை உறிஞ்சி எடுப்பது. சார்ட்டில் அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. கட்டம் காலியாக இருந்தால் டியூட்டி டாக்டர் கேட்பார் என்று பயம். அதனால் தேவை இருக்கிறதோ இல்லையோ, குழாயை உள்ளே விட்டுவிடுகிறார்கள்.

வென்டிலேட்டரில் இருப்பவருக்குத் தானாகச் சளியை வெளியேற்ற முடியாது என்பது உண்மைதான். இருமுவதற்குக் குரல்நாண்கள் ஒருகணம் மூடி, நெஞ்சுக்குள் அழுத்தம் ஏற வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் போட்டிருக்கும் வென்டிலேட்டர் டியூப் அவற்றின் நடுவே கிடப்பதால் மூடவே முடியாது. அதோடு மயக்க மருந்து வேறு. ஆகவே நாம்தான் எடுத்தாக வேண்டும். ஆனால் சளியோடு ஆக்சிஜனையும் சேர்த்துத்தான் உறிஞ்சுகிறோம். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, இறங்கும். சிலருக்கு இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத்துடிப்பு சட்டென்று குறையும். மூச்சுக்குழாயின் உட்சுவரில் புண்ணாகி ரத்தம் வரும். அமெரிக்க சுவாசப் பராமரிப்புச் சங்கம் 2010-இலும் 2022-இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் சொல்வதும் இதைத்தான்: தேவைப்பட்டால் செய், மணி பார்த்துச் செய்யாதே.

அப்போது அந்தக் கட்டம் எதற்கு? போய்ப் பார்ப்பதற்கு. ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்துக்குக் கீழே வைத்தால் கரகரப்பு கேட்கிறதா? வென்டிலேட்டரில் பீக் பிரஷர் (காற்றைத் தள்ளும்போது எட்டும் உச்ச அழுத்தம்) ஏறியிருக்கிறதா, டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் போய்வரும் காற்றின் அளவு) குறைந்திருக்கிறதா? திரையில் காற்றோட்டத்தைக் காட்டும் ஃப்ளோ அலை ரம்பம் போலப் பல் பல்லாகத் தெரிந்தால் சளி இருக்கலாம். சர்க்யூட்டில், அதாவது வென்டிலேட்டரின் காற்றுக் குழாய்களில், தேங்கிய தண்ணீராகவும் இருக்கலாம். முதலில் அதை வடித்துவிட்டுப் பாருங்கள். பாதி நேரம் அலை சரியாகிவிடும், நோயாளியைத் தொடவே வேண்டியதில்லை.

தேவை என்று ஆனபின் செய்முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நூறு சதவீத ஆக்சிஜன் அரை நிமிடமாவது கொடுக்க வேண்டும். கதீட்டர் (உறிஞ்சும் மெல்லிய குழாய்) டியூபின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் அடைக்கக் கூடாது, 8 எம்.எம். டியூபுக்கு 12 ஃபிரெஞ்ச், அதாவது 4 எம்.எம். கதீட்டர். எங்கள் யூனிட்டில் உறிஞ்சும் பிரஷரை 150 mmHg-ஐத் தாண்ட விடுவதில்லை. உறிஞ்சுவது 15 விநாடிக்குள் முடிய வேண்டும். நான் அந்த நேரம் என் மூச்சையும் பிடித்துக்கொள்வேன், கடிகாரத்தை விட அது நன்றாக எச்சரிக்கும்.

சலைன் விவகாரம்தான் தலைவலி. சளி கெட்டியாக இருந்தால் டியூபுக்குள் ஐந்து எம்.எல். சலைன் (உப்புநீர்) ஊற்றுவது பழைய கைப்பழக்கம். சளி அதில் கரைவதில்லை. ஊற்றியதில் பெரும்பகுதி திரும்பியும் வராது, டியூபின் உட்புறம் படிந்திருக்கும் கிருமிகளையும் கீழே தள்ளிவிடலாம். சளி கெட்டியாக வந்தால் காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபயரில் தண்ணீர் இருக்கிறதா, சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று டியூப் வழியாகப் போவதால் மூக்கு செய்யும் ஈரப்படுத்தும் வேலை விட்டுப்போகிறதல்லவா? நீர்ச்சத்து குறைந்திருந்தாலும் கெட்டியாகும். இதை எத்தனை தடவை சொன்னாலும் சீனியர்கள் சிலர் கேட்பதில்லை. "நாங்க இருபது வருஷமா ஊத்துறோம்" என்பார்கள்.

இன்னொன்று, நோயாளி கண் மூடியிருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். "ஐயா, சளி எடுக்கப் போறேன், இருமல் வரும், பயப்படாதீங்க." ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்குப் போனவர்கள் சிலர் வலியை விட, என்ன நடக்கிறதென்று தெரியாமல் மூச்சு நின்ற அந்த நொடியைத்தான் சொல்கிறார்கள்.

ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்டோவரில் நான் எத்தனை தடவை செய்தீர்கள் என்று கேட்பதில்லை. என்ன நிறம், எவ்வளவு, தண்ணியா கெட்டியா, ரத்தம் கலந்ததா, செய்தபின் பிரஷர் இறங்கியதா என்று கேட்பேன். வெறும் "சக்‌ஷன் முடிந்தது" என்று எழுதியிருந்தால், பையைத் தூக்கிய ஸ்டாஃபையும் திரும்பக் கூப்பிடுவேன். பஸ் போய்விடும் என்று முணுமுணுப்பார்கள். அடுத்த பஸ்ஸில் போகட்டும்.