மழை விடுமுறையில் பாடம் எடுத்தவள்

பி.எட். இரண்டாம் ஆண்டு ரெக்கார்டுகள், அதாவது தேர்வுக்குக் காட்ட வேண்டிய பயிற்சி நோட்டுகள் எல்லாம் பைண்டிங் ஆகி வந்துவிட்டன. விரல் வலி மட்டும் இன்னும் போகவில்லை. 16 வாரப் பள்ளிப் பயிற்சிக்குக் கிளம்பப் போகிறவர்கள், லெசன் ப்ளான் (ஒரு வகுப்பை எப்படி நடத்துவது என்ற பாடக்குறிப்பு) எழுத உட்காரும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மைக்ரோ டீச்சிங் (உடன் படிப்பவர்களுக்குச் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகுவது), டெமோ வகுப்பெல்லாம் கல்லூரியிலேயே பிரச்சினையில்லாமல் முடிந்தன. நான் சறுக்கியது முந்திக்கொண்டதில்தான். காலாண்டு விடுமுறையிலேயே, சீனியர் அக்கா ஒருவரின் ரெக்கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏழாம் வகுப்பு அறிவியலுக்குப் பத்து ப்ளான் எழுதி முடித்தேன். அளவீட்டியல், விசையும் இயக்கமும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தலைப்புகளைப் பச்சை மையில் எழுதி, அவ்வளவு அழகு.

அக்டோபரில் பள்ளிக்குப் போனதும் வழிகாட்டி ஆசிரியை நோட்டைப் புரட்டினார். "ஏம்மா, இது முதல் பருவமாச்சே? பிள்ளைங்க பரீட்சையே எழுதி முடிச்சாச்சு." ஏழாம் வகுப்புக்குப் பருவத்துக்கு ஒரு புத்தகம் என்பது எனக்குத் தெரியாததா? அந்த அக்கா ஜூலையில் பயிற்சிக்குப் போனவர் என்பதைத்தான் யோசிக்கவில்லை. பத்தும் வீண். போதாததற்கு, "பச்சை மை எச்.எம். கையெழுத்துக்கு, உங்களுக்கில்ல" என்று ஒரு குட்டு வேறு.

அடுத்தது 'வெப்பம் மற்றும் வெப்பநிலை'. வகுப்பில் காட்ட வேண்டிய துணைக்கருவி என்ற இடத்தில் 'மருத்துவ வெப்பநிலைமானி' என்று தாராளமாக எழுதிவிட்டேன். புத்தகத்தில் இருப்பதோ 35 முதல் 42 டிகிரி வரை கோடு போட்ட பாதரசக் கண்ணாடிக் குழாய். மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கினேன், எல்லாவற்றிலும் டிஜிட்டல்தான். கடைசியில் பாட்டி வீட்டு பீரோவில் ஒன்று அகப்பட்டது. கையில் இல்லாத பொருளை ப்ளானில் எழுதாதீர்கள். பார்வையிட வரும் பேராசிரியர் முதலில் கேட்பது அதைத்தான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தேதிகளைப் பேனாவால் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தேன், அதுவும் பைண்டு செய்த நோட்டில். நவம்பரில் இரண்டு நாள் மழை விடுமுறை வந்தது. நான் கவனிக்காமல் மொத்தமாகக் கையெழுத்துக்குக் கொண்டு போனேன். எச்.எம். வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "கலெக்டர் லீவு விட்ட அன்னிக்கு யாருக்கும்மா பாடம் எடுத்தீங்க?" என்றார். ஆசிரியர் அறையே சிரித்தது. வைட்னர் தொடக்கூடாது. ஒரு தேதி நகர்ந்தால் பின்னால் இருப்பதெல்லாம் நகரும். ஆறு ப்ளான் திரும்ப எழுதினேன், இரவு ஒரு மணி வரை.

அதற்கப்புறம்தான் புத்தி வந்தது. கோடு போடாத ஏ4 தாளில் மறுநாள் வகுப்புக்கு வேண்டியதை மட்டும் முந்தின இரவு எழுதி ஃபைலில் கோத்து வைத்தேன். தேதி, பாடவேளை, வரிசை எண் மூன்றும் பென்சிலில். வகுப்பு முடிந்த கையோடு வழிகாட்டி ஆசிரியையிடம் கையெழுத்து. நாளைக்கு என்று விட்டால் அவர் பயிற்சிக் கூட்டம் என்று இரண்டு நாள் வரமாட்டார். பொருளடக்கமும் பைண்டிங்கும் கடைசி வாரம்தான். ஒரு சின்ன டைரியில் அன்றன்று எந்த வகுப்பு, எந்தப் பாடவேளை, எதுவரை நடத்தினேன் என்று குறித்து வைத்தது பெரிய உதவி. உடன் படித்த இரண்டு பேர் அதைப் பார்த்துத்தான் தங்கள் தேதிகளைச் சரிசெய்தார்கள்.

செய்முறைத் தேர்வில் வெளித்தேர்வாளர் என் ரெக்கார்டில் இரண்டே இடத்தைத் திறந்தார். ஒன்று வெப்பநிலைமானிப் பாடம்.

"குமிழுக்கு மேல அந்தச் சின்ன வளைவு எதுக்கு?"

"வாயிலிருந்து எடுத்ததும் பாதரசம் கீழே இறங்கிடாம இருக்க, சார்."

"சரி, அடுத்தவங்க வாங்க."

திரும்ப எழுதிய அந்த ஆறு ப்ளான் பக்கம் அவர் போகவே இல்லை.