பார்சிலோனாவில் மூன்று நாள்

மார்ச் 14, வெள்ளி

ஒன்பது வருடம் கழித்து கல்லூரித் தோழிகள் நாலு பேரும் ஒன்றாக ஒரு ஊரில் இருக்கிறோம். பையை அறையில் வைத்துவிட்டு நேரே பார்க் குவெல் பூங்கா. உடைந்த ஓட்டுச் சில்லுகள் பதித்த நெளிநெளியான பெஞ்சில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டோம், ஆனால் எனக்குப் பிடித்தது அதற்குக் கீழே இருப்பதுதான். மேலே திடலில் பெய்கிற மழை மண்ணுக்குள் வடிந்து, திடலைத் தாங்கும் தூண்களுக்குள்ளேயே இறங்கி, அடியில் இருக்கும் தொட்டியில் சேர்கிறது. நூறு வருடத்துக்கு முன்பே தூணுக்குள் மழைநீர் சேகரிப்பை யோசித்திருக்கிறார் இதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் கௌடி! தூணில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

மார்ச் 15, சனி

சக்ராதா ஃபமீலியா, கௌடியின் தேவாலயம். மாலை நேரத்துக்கு டிக்கெட் எடுத்தது எங்கள் நல்ல நேரம், மேற்குப் பக்கக் கண்ணாடிகள் எல்லாம் சிவப்பும் ஆரஞ்சுமாக இருப்பதால் வெயில் சாயச் சாயத் தூண்கள் மேல் நிறம் ஏறிக்கொண்டே வந்தது. தூண்கள் மரம் மாதிரி மேலே போய்க் கிளை பிரிகின்றன, 45 மீட்டர் உயரக் கூரையை அந்தக் கிளைகள்தான் தாங்குகின்றன. யாரும் பேசவில்லை.

அப்புறம் கீழே அருங்காட்சியகத்தில் ஒரு மாதிரி வடிவம், கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கும் கயிறுகள், அவற்றில் சின்னச் சின்ன எடைப் பைகள். வேறொரு தேவாலயத்துக்காகக் கௌடி செய்த முறை இது. எடைக்கு ஏற்றபடி கயிறு தானாக ஒரு வளைவு எடுக்கும், அதை அப்படியே தலைகீழாகப் புரட்டினால் கல் தாங்கி நிற்க வேண்டிய வடிவம் கிடைத்துவிடும். எங்களில் சிவில் படித்தவள் அதன் முன்னால் உட்கார்ந்தே விட்டாள், கல்லூரியில் ஒரு செமஸ்டர் முழுக்கக் கணக்காகப் போட்டதை இங்கே கண்ணால் பார்க்கிறேன் என்றாள்.

1882-ல் தொடங்கிய வேலை, அடுத்த வருடமே கௌடி கைக்கு வந்தது. 1926 ஜூனில் டிராம் மோதி இறந்தார். 1936-ல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அவருடைய பட்டறையை எரித்து, மாதிரிகளை நொறுக்கிவிட்டார்கள். அந்தச் சில்லுகளைப் பொறுக்கி ஒட்டித்தான் பிறகு வந்தவர்கள் மேற்கொண்டு கட்டியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி மேலே போய்ப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

இன்று கௌடி வேண்டாம், பழைய நகரம் போதும் என்று முடிவு. சாந்தா மரியா தெல் மார் தேவாலயம், 1329-ல் தொடங்கி 1383-ல் முடித்திருக்கிறார்கள். எண்கோணத் தூண்கள், ஒன்றுக்கொன்று அவ்வளவு இடைவெளி, அலங்காரம் அநேகமாக இல்லை. இதுவும் அதே 1936-ல் உள்ளே எரிந்திருக்கிறது. சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், நேற்றைவிட இதுதான் எனக்கு நெருக்கமாக இருந்தது.

காரணம் வாசல் கதவு. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய சுமைதூக்கிகள் மோன்ஜுயிக் குன்றிலிருந்து இதற்கான கல்லைத் தங்கள் முதுகில் சுமந்து வந்தார்களாம், அவர்களை வெண்கலத்தில் சின்ன உருவமாகக் கதவிலேயே பதித்திருக்கிறார்கள். கட்டிய ராஜா பெயரைத்தான் எங்கும் பார்த்திருக்கிறேன், கல் சுமந்தவனைக் கதவில் வைத்து இப்போதுதான் பார்க்கிறேன். என் உள்ளங்கை அளவுகூட இருக்காது, முதுகு வளைந்து, தலைக்கு மேலே கல்.

விமானத்துக்கு நேரமாகிறது என்று மற்ற மூவரும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் அவர்களும் திரும்பி வந்து கதவருகே குனிந்து பார்த்தார்கள்.