லைட் எரிகிறது, செல்ஃப் எடுக்கவில்லை

கார் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரனும் அடிக்கிறது. "பேட்டரி மாத்திடுங்க சார்" என்பார் ஒருவர். "லைட் எரியுதே, செல்ஃப் மோட்டார்தான் போச்சு" என்பார் இன்னொருவர். இரண்டுக்குமே ஆயிரக்கணக்கில் செலவு. கோளாறோ பல நேரம் இவை இரண்டுக்கும் நடுவே, ஒயர் இணைப்பில் உட்கார்ந்திருக்கும்.

லைட் எரிவதை வைத்து ஏன் முடிவெடுக்கக் கூடாது? 55 வாட் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து இழுப்பது சுமார் 9 ஆம்பியர். சிறிய பெட்ரோல் காரில் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்கு 150 ஆம்பியர் வரை வேண்டும். பேட்டரியில் ஒயர் மாட்டும் முனையான டெர்மினலில் படிந்த அழுக்கின் மின்தடை வெறும் 0.02 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைட்டுக்குப் போகும் வழியில் 0.18 வோல்ட்தான் வீணாகும், கண்ணுக்கே தெரியாது. 150 ஆம்பியர் இழுக்கும்போது அதே அழுக்கு 3 வோல்ட்டைத் தின்றுவிடும். அப்புறம் மோட்டார் எங்கே சுற்றும்?

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டே சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் மங்கி அணைந்தே போனால் பேட்டரி அல்லது டெர்மினல். வெளிச்சம் குறையாமல் 'டக்' மட்டும் கேட்டால் இன்ஜின் எர்த் ஒயர் (இன்ஜினிலிருந்து கரண்ட் பேட்டரியின் நெகட்டிவ்வுக்குத் திரும்பும் ஒயர்) அல்லது செல்ஃப். 'கடகட'வென்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை.

இனி மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியைத் திருப்ப ஓர் ஆள் வேண்டும். முதலில் ஹெட்லைட்டை 2 நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டுப் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றாமல் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம்.

அடுத்த அளவுதான் முக்கியம், பலர் தவறவிடுவதும் இதைத்தான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈய முனையிலேயே குத்துங்கள், மறு முனையை அதைச் சுற்றியிருக்கும் கிளாம்ப் மேல் வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2-ஐத் தாண்டினால் அழுக்கு அங்கேதான். வெளியே பளபளவென்று இருந்தாலும், கிளாம்ப்பைக் கழற்றினால் உட்புறம் கறுத்திருக்கும். இதேபோல் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்கின் பெயின்ட் இல்லாத இடத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.5-க்கு மேல் காட்டினால் இன்ஜினின் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கிறது அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது. எர்த் கெட்ட வண்டியில் கரண்ட் வேறு வழி தேடி கிளட்ச் கேபிள் வழியாகப் போய் அதைச் சூடாக்குவதும் உண்டு.

சுத்தம் செய்ய 10-ம் நம்பர் ஸ்பேனர் போதும். நெகட்டிவ்வை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவ்வில் கைவைக்கும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஷார்ட் ஆகாமலிருக்க இதுதான் காப்பு. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடிமேல், ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கரையும். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சோடா உள்ளே போனால் ஆசிட் கெடும். துடைத்து, ஈயம் மின்னும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். கையால் திருகினால் அசையாத அளவு இறுக்கிய பிறகே மேலே வாசலின் தடவுங்கள். சுத்தியலால் தட்டி உட்காரவைக்காதீர்கள், உள்ளே பிளேட் இணைப்பு விரிசல் விடும்.

எல்லா அளவும் சரி, சாவியைத் திருப்பும்போது செல்ஃபின் சிறிய ஒயரிலும் 10 வோல்ட்டுக்கு மேல் வருகிறது, ஆனாலும் சுற்றவில்லை என்றால்தான் செல்ஃபைக் கழற்ற வேண்டும். அந்த ஒயருக்கு வோல்ட்டேஜே வரவில்லையா? ரிலே (செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின் ஸ்விட்ச்), ஃபியூஸ், கிளட்ச் ஸ்விட்ச் பக்கம் போங்கள். வண்டி ஸ்டார்ட் ஆனதும் மறுபடி பேட்டரியை அளந்து பாருங்கள். பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்டும். இன்ஜின் ஓடும்போதும் அளவு ஏறவே இல்லை என்றால், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை; புது பேட்டரி போட்டாலும் ஓரிரு நாளில் இறங்கிவிடும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை. இக்னிஷன் போட்டதும் பின்சீட் பக்கம் 2 விநாடி ஃபியூயல் பம்ப் முனகுகிறதா, டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு (திருட்டுத் தடுப்பு அமைப்பின் விளக்கு) மினுக்குகிறதா என்று பாருங்கள். ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியில் மட்டும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கியதுபோல ஏர் ஃபில்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் சாவியையே தொடாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு, வண்டியை ஏற்றிக்கொண்டு போக ஆள் கூப்பிடுங்கள்.