தமிழ் ஐயாவும் நானும் எடுத்த சோழர் பாடம்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வரலாற்றில் தடுமாறுவது ஆண்டுகளில் அல்ல, வாக்கியங்களில். ஆண்டைக் கேட்டால் சட்டென்று ஒப்பித்துவிடுவார்கள். நாலைந்து நிபந்தனைகளை அடுக்கிச் செல்லும் நீண்ட வாக்கியம் வந்தால், கண் அதைத் தாண்டி அடுத்த பத்திக்கு ஓடிவிடும். வினாவிடைப் புத்தகம் கையில் இருக்கும்போது வாக்கியத்தோடு மல்லுக்கட்ட அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

அதனால்தான் வாரம் ஒரு பாடவேளை என்னோடு வகுப்புக்கு வரும்படி தமிழ் ஐயாவைக் கேட்டேன்.

"எனக்கு வரலாறு வராதே, டீச்சர்!"

"வாசிக்கக் கற்றுக்கொடுங்கள் ஐயா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்கொண்டோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும் பொறித்த இரண்டு ஏற்பாடுகள். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, உறுப்பினராக யார் தகுதி என்று சொல்பவை. இரண்டையும் எளிய தமிழில் எழுதி, ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்தோம். ஐயா வாசிக்க வைப்பார். நான் வாயைத் திறக்கக் கூடாது. இருபது வருடம் பேசிப் பழகிய வாய்க்கு அது பெரிய தண்டனை.

முதல் ஏற்பாட்டில் வாரிய உறுப்பினருக்கு வயது 30 முதல் 60 வரை. அடுத்ததில் 35 முதல் 70. இந்த மாற்றத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். பிறகு கற்பனை மனிதர்களின் விவரம் எழுதிய அட்டைகளைக் கொடுத்தோம். சொந்த வீடும் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் நிலமும் உள்ள 33 வயதுக்காரர் 919இல் தேறுவார், 921இல் தேறமாட்டார். அதில் சிக்கல் இல்லை. அரைக்கால் வேலி, அதாவது வேலியில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே வைத்திருந்து, ஒரு வேதமும் ஒரு பாடியமும் (விளக்கவுரையும்) கற்றவரைத்தான் ஏறக்குறைய எல்லாரும் தள்ளிவிட்டார்கள். ஐயா விடை சொல்லவில்லை. "'ஆயினும்' என்று ஒரு வரி தொடங்குகிறதே, அது யாருக்காக?" என்றார். விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், "சார், இவரைச் சேர்க்கணும்!" என்று எழுந்தே விட்டாள்.

அவளே அடுத்துக் கேட்டாள்: பெண்கள் நிற்கக் கூடாது என்று இதில் எங்கே இருக்கிறது? இந்த இடத்தில்தான் நான் பேச ஆரம்பித்தேன். கொடுத்த தாளில் அப்படி ஒரு வரி இல்லை. ஆனால் நிலம், சொந்த மனை, வேதக் கல்வி மூன்றும் அன்று யாரிடம் இருந்தன? எழுதியிருப்பது எது, அதிலிருந்து நாம் ஊகிப்பது எது என்று பலகையை இரண்டாகப் பிரித்து எழுதினோம். உத்திரமேரூர் பிராமணர்களுக்குத் தானமளிக்கப்பட்ட ஊர், அதாவது சதுர்வேதிமங்கலம் என்ற செய்தியும் அப்போதுதான் அவர்கள் மனத்தில் பதிந்தது. உலகுக்கே முன்மாதிரியான மக்களாட்சி என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த நிபந்தனைகளை ஒருமுறையாவது படிக்கலாம்.

எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாத விஷயமும் உண்டு. ஒற்றுப்பிழையைக் கண்டால் ஐயாவின் சிவப்புப் பேனா சும்மா இருக்காது; சுழிப்பைப் பார்த்தால் பிள்ளைகள் அடுத்த முறை இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். முதல் வரைவில் காரணம் சரியா என்று மட்டும் பார்ப்பது, இரண்டாவதில் பிழை திருத்துவது என்று உடன்பாடு செய்துகொண்டோம். ஐயா அதை இன்னும் முழு மனதோடு ஏற்கவில்லை.

யாராவது விடுப்பு எடுத்தால் முதலில் பறிபோவது எங்கள் பாடவேளைதான். தலைமையாசிரியரையும் குறை சொல்ல முடியாது. ஒரு வகுப்பில் இருவர், பக்கத்து வகுப்பில் ஒருவரும் இல்லை என்றால் அவர் என்ன செய்வார்? எட்டாம் வகுப்புக்கு 1806 வேலூர்ப் புரட்சியை எடுக்கத் திட்டமிட்டிருக்கிறோம். சிப்பாய்கள் மீது ஆங்கிலேயர் திணித்த புதிய தலைப்பாகை உடனடிக் காரணம். அதற்கு முன்பே குமுறிக்கொண்டிருந்தவை எவை? ஐயா இப்போதே தாள் தயாரித்துக்கொண்டிருக்கிறார்.