இன்ஸ்டாலரை ஓட்டறதுக்கு முன்னாடி: ஆரக்கிள் 19சிக்கு லினக்ஸ் சர்வரை ரெடி பண்றது

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர்னு தோல் கம்பெனி, ஷூ கம்பெனிங்களுக்கு சர்வர் வேலை பாக்கற பசங்க வேலூர்ல நிறைய பேர் இருக்காங்க, சத்துவாச்சாரிலயோ காட்பாடிலயோ ரூம் எடுத்துக்கினு பைக்ல போய்ட்டு வந்துக்கினு இருப்பாங்க. ஆரக்கிள்ங்கற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர சர்வர்ல ஏத்தும்போது அவங்க கிட்ட இருந்து எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி, "அண்ணே, ஆரக்கிள் இன்ஸ்டாலர் நாலஞ்சு வார்னிங் காட்டுது, இக்னோர் ஆல் டிக் பண்ணிட்டு நெக்ஸ்ட் குடுத்துடட்டுமா?" வேணாம்பா. அந்த டிக் பாக்ஸ தொடாதீங்க. டேட்டாபேஸ் அன்னிக்கு ஏறிடும், லாகின் ஆகும், கஸ்டமரும் கை குடுத்து அனுப்பிடுவாரு, ஆனா ஷிப்மென்ட் போற அன்னிக்கு எல்லாரும் ஒரே நேரத்துல உள்ள வரும்போது சர்வர் இழுக்க ஆரம்பிக்கும், அப்போ எதனாலன்னு தேடினா இன்ஸ்டால் பண்ண நாள்ல தாண்டிப் போன ஒரு வார்னிங்லதான் போய் நிக்கும்.

கம்பெனிக்காரங்களுக்கு இது புரியாது, அவங்கள தப்பு சொல்லவும் முடியாது. காலைல வந்து உக்காந்து சாயங்காலம் வரைக்கும் கருப்பு ஸ்க்ரீன்ல டைப் பண்ணிக்கினே இருந்தா, "இன்னாபா, இன்னும் சாஃப்ட்வேரே ஏத்தலையா?"னுதான் கேப்பாங்க. மேல்விஷாரத்துல ஒரு பெரியவர், டேனரி நடத்தறவர், இதே மாதிரி கேட்டாரு. நான் சொன்னேன், "பாய், உப்பு போட்ட தோல் வந்து எறங்கினா நேரா பதம் பண்ற டிரம்ல போட்டுடுவீங்களா?" அவரு உடனே, "அது எப்டி தம்பி, மொதல்ல ஊறவெச்சு உப்பு போகணும், அப்பால சுண்ணாம்பு, முடி எறங்கணும், அதுல கோட்டை விட்டா பின்னாடி எந்த ஃபினிஷ் குடுத்தாலும் தோல் சொல்லிடும்"னாரு. அதேதான் பாய் இங்கயும்னேன். அதுக்கப்புறம் அவரு கேக்கல, டீ மட்டும் அனுப்பிக்கினே இருந்தாரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஆரக்கிள் லினக்ஸ் 8ங்கற ஓஎஸ் மேல 19சிங்கற டேட்டாபேஸ் வெர்ஷன போடறதா வெச்சிக்குங்க, நான் பாக்கற எடங்கள்ல இதுதான் அதிகம். மொதல்ல டிஸ்க். ஓஎஸ் போடும்போதே எல்லா எடத்தையும் ரூட்டுக்கும் ஹோமுக்கும் ஆட்டோமேட்டிக்கா பிரிச்சுக் குடுத்துட்டு வந்துடறாங்க, அப்பால ஆரக்கிள் சாஃப்ட்வேர் உக்கார்ற யூ01 டைரக்டரிக்கு எடம் இல்லன்னு நிக்கறாங்க. டிஃபால்ட் ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ், அத பெருசாக்கலாம், சின்னதாக்க முடியாது, இத மட்டும் மனசுல வெச்சிக்குங்க. அதனால எல்விஎம்ல, அதாவது டிஸ்க் எடத்த பிரிச்சு அப்பால நீட்டிக்கற வசதில, வால்யூம் க்ரூப்ங்கற மொத்த எடத்தையும் பங்கு போட்டுக் குடுத்துடாம கொஞ்சம் சும்மாவே விட்டு வைங்க, எது ரொம்புதோ அதுக்கு அப்பால நீட்டிக்கலாம். சாஃப்ட்வேருக்கு மட்டும் 7 ஜிபிக்கு மேல போகும், பேட்ச் போடப் போட ஆரக்கிள் ஹோம், அதாவது அந்த சாஃப்ட்வேர் இருக்கற டைரக்டரி, வீங்கிக்கினே போகும், அதனால யூ01க்கு 50 ஜிபிக்கு கொறஞ்சு நான் குடுக்கறதில்ல. டேட்டா ஃபைல் தனி மவுன்ட், டேட்டால நடந்த மாத்தத்த சேத்து வைக்கற ஆர்க்கைவ் லாக் தனி மவுன்ட். ஆர்க்கைவ் ரொம்பினா டேட்டாபேஸ் அப்டியே நின்னுடும், அது கூட ரூட்டும் சேந்து ரொம்பினா உள்ள லாகின் பண்ணி சரி பண்றதுக்கே திண்டாடணும். எந்த டிஸ்க் எங்க மவுன்ட் ஆகணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல எழுதினதும் ரீபூட் பண்ணிப் பாக்காதீங்க, மொதல்ல மவுன்ட் மைனஸ் ஏ குடுத்துப் பாருங்க, அங்க எழுத்துப்பிழை இருந்தா சர்வர் எமர்ஜென்சி மோடுக்கு போய்டும், ராணிப்பேட்டை சிப்காட்ல இருக்கற சர்வர் ரூமுக்கு நீங்க வண்டி எடுத்துக்கினு ஓடணும்.

அடுத்தது ஹோஸ்ட் நேம். இத நான் கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா எல்லாரும் சின்ன விஷயம்னு நெனைக்கறது இதுதான். ஒரு ஷூ கம்பெனில வேற யாரோ போட்டுட்டுப் போன சர்வர பாக்கக் கூப்ட்டாங்க. டேட்டாபேஸ் ஓடுது, சர்வர்ல உக்காந்து எஸ்கியூஎல் ப்ளஸ்ல போனா ஜம்முனு கனெக்ட் ஆகுது, வெளில இருந்து வர்ற கனெக்ஷன வாங்கற லிஸ்னர் கிட்ட ஸ்டேட்டஸ் கேட்டா ரெடின்னு சொல்லுது. ஆனா பக்கத்து டேபிள்ல இருக்கற அக்கவுன்ட்ஸ் சிஸ்டத்துல இருந்து வரவே மாட்டேங்குது. ஃபயர்வால்ல 1521 போர்ட் தொறந்துதான் இருக்கு, பிங் போகுது, கேபிளையும் மாத்திப் பாத்துட்டாங்க. நான் போய், எந்த பேருக்கு எந்த ஐபின்னு எழுதி வைக்கற ஈடிசி ஹோஸ்ட்ஸ் ஃபைல தொறந்தேன். மொத வரில 127.0.0.1, அதுக்கு எதிர்ல லோக்கல்ஹோஸ்ட், அதே வரில கடைசில சர்வரோட பேரு. லிஸ்னர் அந்த பேர கேட்டு லூப்பேக் அட்ரஸ்ல போய் உக்காந்துடுச்சு, தன்னோட மெஷினுக்குள்ள மட்டும் கேட்டுக்கினு இருக்கு, வெளில இருந்து யார் கூப்ட்டாலும் அதுக்கு காதுல விழாது. அந்த பேர அந்த வரில இருந்து எடுத்துட்டு, கீழ தனி வரில சர்வரோட நிஜ ஐபி, முழு டொமைன் பேரு, அப்பால ஷார்ட் பேருன்னு இந்த ஆர்டர்லயே எழுதி, லிஸ்னர நிறுத்தி ஏத்தினதும் அக்கவுன்ட்ஸ் அக்கா அங்க இருந்து "வந்துச்சு சார்"னாங்க. அதனால ஸ்டாட்டிக் ஐபி, ஹோஸ்ட்நேம்சிடிஎல்ல முழு பேரு, ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல சரியான வரி, இந்த மூணும் முடிஞ்சு இன்னொரு மெஷின்ல இருந்தும் அந்த பேரு சரியான ஐபிக்கு போகுதான்னு பாத்துட்டுத்தான் மத்தது.

இப்போ ப்ரீஇன்ஸ்டால் ஆர்பிஎம், அதாவது ஆரக்கிளுக்காக சர்வர ரெடி பண்ற பேக்கேஜ். ஆரக்கிள் லினக்ஸ்னா டிஎன்எஃப்ங்கற பேக்கேஜ் டூல்ல ஒரே கமாண்டு, வேணுங்கற பேக்கேஜ் எல்லாம் எறக்கி, ஆரக்கிள் யூசர், ஓஇன்ஸ்டால், டிபிஏ க்ரூப்புங்கள உண்டாக்கி, கர்னல் பேராமீட்டர், லிமிட்ஸ் எல்லாம் எழுதிடும். நல்ல விஷயம்தான், நானும் அதத்தான் போடறேன். ஆனா போட்டுட்டு கண்ண மூடிக்கக் கூடாது. கர்னல் செட்டிங்க காட்டற சிஸ்சிடிஎல் கமாண்டுல பாருங்க, ஃபைல் மேக்ஸ் 6815744, ஏஐஓ மேக்ஸ் 1048576, செமஃபோர் 250 32000 100 128, லோக்கல் போர்ட் ரேஞ்ச் 9000ல இருந்து 65500 வரைக்கும் இருக்கான்னு. முன்னாடியே யாராவது சிஸ்சிடிஎல் டி ஃபோல்டர்ல வேற ஃபைல் போட்டு வெச்சிருந்தா கடைசியா படிக்கற ஃபைல்தான் ஜெயிக்கும், அதனால ஃபைல்ல இருக்கறத பாக்காதீங்க, ஓடற கர்னல்ல இருக்கறத பாருங்க. லிமிட்ஸும் அப்டித்தான், ஆரக்கிள் யூசரா புதுசா லாகின் பண்ணி யூலிமிட் அடிச்சுப் பாக்கணும், ஹார்ட் நோஃபைல் 65536, என்ப்ராக் 16384, ஹார்ட் ஸ்டாக் 32768. அந்த ஆர்பிஎம் ஆரக்கிள் யூசருக்கு குடுக்கற யூஐடி, அதாவது யூசர் நம்பர், 54321. மாத்தா ஒரு ஸ்டாண்ட்பை சர்வரோ, நெட்வொர்க் வழியா வர்ற என்எஃப்எஸ் பேக்கப் மவுன்ட்டோ வைக்கப் போறீங்கன்னா ரெண்டு பக்கமும் அதே நம்பர் இருக்கட்டும், இல்லன்னா ஒரு நாள் பர்மிஷன் டினைட்னு வரும்போது ரெண்டு சர்வர்லயும் ஆரக்கிள்னுதான் பேரு இருக்கேன்னு கொழம்பிக்கினு இருப்பீங்க.

அது செய்யாத வேலையும் இருக்கு. ஆரக்கிள் யூசருக்கு பாஸ்வேர்டு வைக்காது, யூ01ல டைரக்டரி போடாது, ரேம் பத்தாதப்போ டிஸ்க்ல எடுத்துக்கற ஸ்வாப் எடத்த கூட்டாது, ஃபயர்வால தொறக்காது. ஸ்வாப் கணக்கு ஈஸிதான், ரேம் 2 ஜிபில இருந்து 16 ஜிபி வரைக்கும்னா ரேம் எவ்ளோவோ அவ்ளோ, அதுக்கு மேல எவ்ளோ ரேம் இருந்தாலும் 16 ஜிபி. ஸ்வாப் ஃபைலா வைக்கறதுன்னா டிடி கமாண்டு வெச்சு எழுதுங்க.

மெமரிதான் பெரிய விஷயம், இங்கதான் பாதி பேரு அவசரப்படறாங்க. லினக்ஸ் சாதாரணமா மெமரிய 4 கேபி பேஜா பிரிச்சு வெச்சிக்கினு இருக்கும். ஆரக்கிள் ப்ராசஸ்ங்க எல்லாத்துக்கும் பொதுவான மெமரியான எஸ்ஜிஏவ 32 ஜிபி வைக்கறீங்கன்னா அது 83 லட்சத்துக்கும் மேல பேஜ். ஒவ்வொரு பேஜுக்கும் பேஜ் டேபிள்ல 8 பைட் என்ட்ரி, ஆக ஒரு ப்ராசஸ் எஸ்ஜிஏ முழுக்க தொட்டுச்சுன்னா அதுக்கு மட்டும் 64 எம்பி பேஜ் டேபிள். ஒரு ஆளு லாகின் பண்ணா ஒரு ப்ராசஸ், 300 பேர் உள்ள வந்தா பேஜ் டேபிளுக்கே 18 ஜிபி தாண்டிப் போய்டும், டேட்டாவுக்கு இல்ல, டேட்டா எங்க இருக்குன்னு எழுதி வைக்கறதுக்கே. ஷிப்மென்ட் டைம்ல சர்வர் ஸ்வாப் அடிக்க ஆரம்பிச்சு எல்லாரும் ரேம் போதலன்னு சொல்றப்போ இதத்தான் மொதல்ல பாக்கணும், மெம்இன்ஃபோல பேஜ் டேபிள்ஸ்னு ஒரு வரியே இருக்கு. ஹ்யூஜ்பேஜஸ் வெச்சா ஒரு பேஜ் 2 எம்பி, அதே 32 ஜிபிக்கு 16384 பேஜ்தான், ப்ராசஸ்ங்களும் அந்த டேபிள பங்கு போட்டுக்கும். எஸ்ஜிஏவுக்கு வேணுங்கறத விட கொஞ்சம் கூட வெச்சு ஒதுக்குங்க, ரேம்ல எவ்ளோ பூட்டி வைக்கலாம்னு சொல்ற மெம்லாக் லிமிட் அத தாங்கற மாதிரி இருக்கணும். மொத்த மெமரியையும் ஆரக்கிளே பிரிச்சுக்கற மெமரி டார்கெட் பேராமீட்டர வெச்சா ஹ்யூஜ்பேஜஸ் வேலை செய்யாது, ரெண்டும் ஒண்ணா போகாது, அதனால எஸ்ஜிஏ டார்கெட், ப்ராசஸ்ங்களோட சொந்த மெமரிக்கு பிஜிஏ டார்கெட்னு தனித்தனியா வைங்க. யூஸ் லார்ஜ் பேஜஸ் பேராமீட்டர ஒன்லின்னு போட்டுட்டா இன்னும் நிம்மதி, பேஜ் பத்தலன்னா ஸ்டார்ட்டே ஆகாது, மொதல்லயே தெரிஞ்சுடும்.

ட்ரான்ஸ்பரன்ட் ஹ்யூஜ்பேஜஸ்னு ஒண்ணு இருக்கு, பேரு கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கறதால இதுவும் நல்லதுன்னு விட்டுடறாங்க. அது வேற. கர்னல் தானா ஓடும்போதே பேஜுங்கள ஒண்ணு சேத்துக்கினு இருக்கும், அதனால நடுநடுவுல திக்கும், ஆரக்கிள் அத ஆஃப் பண்ணத்தான் சொல்லுது. பூட் லைன்ல நெவர்னு குடுத்து ரீபூட் பண்ணிட்டு, சிஸ் டைரக்டரில இருக்கற எனேபிள்டு ஃபைல கேட் பண்ணிப் பாருங்க, ஆல்வேஸ், எம்அட்வைஸ், நெவர்னு மூணு வார்த்தை வரும், சதுர பிராக்கெட் எத சுத்தி இருக்கோ அதான் இப்போ ஓடுது. நெவர சுத்தி இருக்கணும்.

சின்னச் சின்னதா கொஞ்சம் இருக்கு. செக்யூரிட்டி ஆடிட்டுக்காக டெம்ப் டைரக்டரிய, அங்க இருந்து ப்ரோக்ராம் ஓடாத மாதிரி நோஎக்ஸெக்னு மவுன்ட் பண்ணியிருந்தா இன்ஸ்டாலர் அங்கயே படுத்துடும், ஆரக்கிள் யூசருக்கு டிஎம்பி, டிஎம்பிடிஐஆர்ங்கற ரெண்டு வேரியபிளையும் வேற டைரக்டரிக்கு திருப்பி விடுங்க. லாகின்டி கான்ஃப்ல ரிமூவ் ஐபிசி நோன்னு இருக்கட்டும், எஸ்னு இருந்தா ஆரக்கிள் யூசர் கடைசி செஷன விட்டு வெளில வரும்போது ஷேர்டு மெமரிய சிஸ்டம்டி தொடச்சுடும், ஓடற டேட்டாபேஸ் அப்டியே செத்துடும். ஃபயர்வால மொத்தமா நிறுத்தாதீங்க, 1521 மட்டும், அதுவும் ஆபீஸ் நெட்வொர்க்குக்கு மட்டும் தொறங்க. எஸ்இலினக்ஸ்ங்கற செக்யூரிட்டி காவலையும் டிஸேபிள் பண்ணணும்னு அவசியம் இல்ல, சந்தேகமா இருந்தா பர்மிஸிவ்ல வெச்சு ஆடிட் லாக்ல என்ன வருதுன்னு படிச்சுட்டு அப்பால முடிவு பண்ணுங்க.

டைம்ஸோன் பத்தி சொல்லாம விட முடியாது. ரென்டல் க்ளவுட்ல எடுக்கற மெஷின்லாம் பெரும்பாலும் யூடிசிலதான் வரும். நம்ம டைம் அதுக்கு அஞ்சரை மணி நேரம் முன்னாடி. ஷூ கம்பெனில நைட் ஷிஃப்ட் ஓடுது, விடியக்காலைல 4 மணிக்கு சென்னை துறைமுகத்துக்கு கன்டெய்னர் கெளம்புது, கேட் பாஸ் போடறாங்க, ஆரக்கிள் இன்னிக்குத் தேதின்னு குடுக்கற சிஸ்டேட்ல நேத்து தேதி விழுது. இன்வாய்ஸும் நேத்து தேதி. ஒண்ணாந்தேதி விடியக்காலைல நடந்தா போன மாச ஜிஎஸ்டில போய் உக்காரும். அக்கவுன்ட்ஸ் ஆளுங்க ஆடிட்டர் கிட்ட பதில் சொல்ல முடியாம நிப்பாங்க, அவங்க மேல ஒரு தப்பும் இருக்காது. டைம்டேட்சிடிஎல்ல ஏசியா கொல்கத்தா வைக்க அரை நிமிஷம் போதும், ஆனா டேட்டாபேஸ் ஏத்தறதுக்கு முன்னாடியே வைக்கணும், ஏன்னா ஸ்டார்ட் ஆகும்போது இருந்த டைம்ஸோன்தான் அந்த ப்ராசஸ்ங்களுக்கு தெரியும், லிஸ்னருக்கும் அதே கதைதான். சர்வர் கடிகாரத்த சரியா வெச்சிருக்கற க்ரோனிய ஓட விட்டு, சோர்ஸ் லிஸ்ட்ல ஒரு வரிக்காவது முன்னாடி நட்சத்திரம் வருதான்னு பாருங்க, வரலன்னா அது யார் கிட்டயும் டைம் வாங்கல. வெளி இன்டர்நெட் இல்லாத ஃபேக்டரின்னா உள்ளுக்குள்ளயே ஒரு டைம் சர்வர் வேணும்.

இதெல்லாம் முடிஞ்சா விஎம்மா இருந்தா ஒரு ஸ்னாப்ஷாட், ஃபிசிக்கல் சர்வர்னா ஈடிசி டைரக்டரி மொத்தத்தையும் ஒரு டார் போட்டு வேற மெஷின்ல வைங்க. அப்பால ஆரக்கிள் யூசரா லாகின் பண்ணி 19சி சாஃப்ட்வேர் ஜிப்ப நேரா ஆரக்கிள் ஹோம் டைரக்டரிக்குள்ளயே பிரிங்க, 18சில இருந்து இப்டித்தான், பழைய பழக்கத்துல டெம்ப்ல பிரிச்சா அங்கயேதான் ஹோம் நிக்கும். லினக்ஸ் 8ல 19.3 இன்ஸ்டாலர் ஸ்டார்ட் ஆகும்போதே ஐஎன்எஸ் 08101 எரர் குடுக்கும், பயப்படாதீங்க, அந்த ரிலீஸ் வரும்போது 8 இல்ல, அதனால அதுக்கு அடையாளம் தெரியல. சிவி அஸ்யூம் டிஸ்ட்ஐடிங்கற வேரியபிள ஓஇஎல்7.6னு எக்ஸ்போர்ட் பண்ணா நகந்துடும். நேரா இன்ஸ்டால் குடுக்காதீங்க, ரன்இன்ஸ்டாலர்ல எக்ஸிக்யூட் ப்ரீரெக்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, சைலன்ட்ல அத மட்டும் ஓட்டுங்க, எதையும் ஏத்தாம செக் மட்டும் பண்ணி லாக் எழுதும். அந்த லாக்ல ஃபெயில்டுன்னு வர்ற ஒவ்வொண்ணையும் சரி பண்ணி, வராத வரைக்கும் ஓட்டுங்க. அப்பால நெஜமா இன்ஸ்டால் பண்ணும்போது அப்ளை ஆர்யூ குடுத்து லேட்டஸ்ட் ரிலீஸ் அப்டேட்டையும் சேத்தே ஏத்திடுங்க, அதுக்கு முன்னாடி பேட்ச் ஏத்தற ஓபேட்ச் டூல் புது வெர்ஷனான்னு மட்டும் ஒரு தடவ பாத்துக்குங்க.