துண்டு எலும்புகளை மறுஆய்வு செய்யும்போது எங்கே தொடங்க வேண்டும்?

துண்டுதுண்டாகக் கிடைத்த டைனோசர் எலும்புகளை மறுஆய்வுக்கு எடுக்கும்போது "இது எந்த இனம்?" என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடுவோம். ஒரே பெயரில் வைத்திருக்கும் எலும்புகள் எல்லாம் ஒரே விலங்கினுடையவைதானா என்பதை முதலில் தீர்க்க வேண்டும்.

ஜபல்பூரில் கிடைத்த இடுப்பெலும்பு, கால் எலும்பு, தோல் தகடுகள் ஆகியவற்றைச் சேர்த்து 1923-ல் புவியியலாளர் மேட்லி லாமெட்டாசாரஸ் என்று பெயரிட்டார். தகடுகள் இருந்ததால் அதைக் கவச டைனோசராகக் கருதினார். இடுப்பும் காலும் ஊனுண்ணி ஒன்றினுடையவை என்பது பிறகுதான் தெளிவானது. இந்தக் கலப்பைப் பிடிக்க எலும்பில் ஒட்டியிருக்கும் பாறையின் நிறத்தையும் அதன் துகள்களின் அளவையும் ஒப்பிடுங்கள். பழைய பட்டியல் எண்ணையும் முதல் கட்டுரையின் படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடது தொடையெலும்பு இரண்டு இருந்தால் குறைந்தது இரண்டு விலங்குகள். அதில் வாதத்துக்கே இடமில்லை.

அடுத்தது, கண்ணில் படுவதில் எவ்வளவு உண்மையான எலும்பு என்பது. பழைய சேகரிப்புகளில் உடைந்த முனைகளைப் பிளாஸ்டரால் நிரப்பி வண்ணம் பூசியிருப்பார்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கை அடித்தால் பிளாஸ்டரும் பசையும் எலும்பிலிருந்து வேறாகத் தெரியும். அரக்குப் பூச்சு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அரக்கை எத்தனாலில் நனைத்த பஞ்சால் இளக்கலாம், ஆனால் முதலில் ஓரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். சில மாதிரிகளில் அந்த அரக்குதான் எலும்பையே பிடித்து வைத்திருக்கும். அது போனால் எலும்பும் உதிரும். எலும்பை இறுக்கிப் பிடிக்கும் பிசினான பாராலாய்ட் பி-72, அசிட்டோனில் கரைத்தது, அருகிலேயே தயாராக இருக்கட்டும்.

சுத்தம் செய்யும் முன்பும் பின்பும் பல கோணங்களில் படமெடுத்து அவற்றை இணைத்து முப்பரிமாணப் பதிவு எடுத்துவிடுங்கள். அடுத்தடுத்த படங்கள் 70 சதவீதமாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும், அளவுகோலும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும்.

அடையாளப் பண்புகளில்தான் அதிகம் சறுக்குகிறது. பாறை அழுத்தி நசுக்கிய முள்ளெலும்பு புதிய வடிவம்போலத் தோன்றும். ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் குட்டு வெளிப்படும். முள்ளெலும்பின் உடலும் வளைவும் இன்னும் ஒட்டாமல் இருந்தால் அது வளர்ந்து முடியாத விலங்காக இருக்கக்கூடும். அதன் சிறிய உருவத்தை இன அடையாளமாகக் கொள்ள முடியாது.

காலமும் பண்பின் மதிப்பைக் குறைக்கும். இயற்கையியலாளர் லைடெக்கர் 1877-ல் டைட்டனோசாரஸ் இண்டிகஸை வால் முள்ளெலும்புகளை வைத்துப் பெயரிட்டார். முன்புறம் குழிந்து பின்புறம் புடைத்த அந்த வடிவம் அன்று அபூர்வம். பிறகு அதே அமைப்பு பல டைட்டனோசர்களில் (நீண்ட கழுத்துள்ள பெரிய தாவர உண்ணி டைனோசர்களில்) கிடைத்தது. 2003-ல் ஆய்வாளர்கள் வில்சனும் அப்சர்ச்சும் அந்தப் பெயரை ஐயப் பெயராக, அதாவது எந்த இனத்தைக் குறிக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாத பெயராக, அறிவித்தார்கள். எலும்பு மாறவில்லை, ஒப்பிடக் கிடைத்தவைதான் பெருகின.

எலும்பின் பண்புகளை வரிசையாகக் குறிக்கும் பண்பு அட்டவணையில், முனை உடைந்திருந்தால் கேள்விக்குறிதான், ஊகம் கூடாது. தனித்த பண்பு ஒன்றுகூட மிஞ்சாவிட்டால் பெயரை அந்த மாதிரியோடு நிறுத்திவிட்டு, எலும்பைக் குடும்ப அளவில் மட்டும் அடையாளப்படுத்துங்கள். பல எலும்புகளின் மேல் ஒரே பெயர் நின்று, அவற்றில் ஒன்றில் மட்டும் தனிப்பண்பு இருந்தால் அதை லெக்டோடைப்பாக (அந்தப் பெயருக்கு உரிய ஒரே மாதிரியாக)த் தேர்ந்து, மற்றவற்றைப் பட்டியல் எண்களோடு தனியே பிரித்து எழுதுங்கள்.